நெஞ்சுக்குள் கட்டி: எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல



"கட்டி" என்ற சொல் காதில் விழுந்தாலே நம்மில் பலருக்குக் கை கால் ஓடாது. கழுத்தில் கட்டி, வயிற்றில் கட்டி என்று யாராவது சொன்னால், "அப்ப கேன்சர்தானே?" என்பதுதான் அடுத்த கேள்வி. அதிலும் "இதயத்தில் கட்டி" என்று டொக்டர் சொல்லிவிட்டால், அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியாது. லயம் முழுக்கச் செய்தி பரவி, ஆளுக்கு ஆள் வந்து துக்கம் விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

இந்த இதழில் இதயத்தில் வரும், புற்றுநோய் அல்லாத கட்டிகளைப் பற்றி எழுதுகிறோம். இது மிக அபூர்வமான வருத்தம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இறந்தவர்களின் உடலைத் திறந்து பார்த்த பழைய ஆய்வுகளில், 10,000 பேரில் சுமார் 2 பேருக்குத்தான் இதயத்திலேயே உண்டான கட்டி இருந்திருக்கிறது. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் நெஞ்சைத் தடவிப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

"அப்புடின்னா எதுக்கு இதப் பத்தி எழுதுறீங்க?" என்று கேட்பீர்கள். இரண்டு காரணம் உண்டு. ஒன்று, இந்தக் கட்டி காட்டும் அறிகுறிகள் மலையில் நாம் அன்றாடம் காணும் அறிகுறிகள்தான். மூச்சு வாங்குவது, தலை சுற்றுவது, விட்டுவிட்டு வரும் காய்ச்சல் இவைகளே. இவற்றை "இரத்தம் பத்தல" என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டால், வேறு இதய நோய்களையும் சேர்த்துத் தவறவிடுவோம். இரண்டாவது, கட்டி என்று தெரிந்ததும் பயந்துபோய், "ஒப்பரேஷன் வேணாம், சாகிறதா இருந்தா வீட்டிலேயே சாகிறேன்" என்று துண்டையும் வாங்காமல் பஸ் ஏறி வந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரேயொரு சத்திரசிகிச்சையால் முழுதாகச் சுகமாகக் கூடிய நோயை உயிர் எடுக்கும் நோயாக மாற்றுவது அந்தப் பயம்தான்.

இதயம் ஒரு நாலு காம்பரா வீடு

கட்டி என்ன செய்கிறது என்று விளங்க வேண்டுமானால் இதயம் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும்.

நம் இதயம் நாம் கையைப் பொத்திப் பிடித்தால் எவ்வளவு இருக்குமோ ஏறத்தாழ அவ்வளவுதான். அதற்குள் நாலு காம்பரா. மேலே இரண்டு, கீழே இரண்டு. வலது பக்கத்துக்கும் இடது பக்கத்துக்கும் நடுவில் சுவர். ஒவ்வொரு பக்கத்திலும் மேல் காம்பராவிலிருந்து கீழ் காம்பராவுக்குப் போக ஒரு கதவு. இந்தக் கதவைத்தான் டொக்டர்கள் "வால்வு" என்கிறார்கள்.

உடம்பெல்லாம் சுற்றிக் களைத்து வரும் இரத்தம் வலது மேல் காம்பராவுக்கு வரும். அங்கிருந்து கீழே இறங்கி, நுரையீரலுக்குப் போய்ச் சுத்தமான காற்றை எடுத்துக்கொண்டு, இடது மேல் காம்பராவுக்குத் திரும்பும். பிறகு இடது கீழ் காம்பராவுக்கு இறங்கி, அங்கிருந்து ஒரு தள்ளுத் தள்ள, தலை முதல் கால் வரை போகும். சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்குச் சுமார் 5 லீட்டர் இரத்தத்தை இதயம் இப்படித் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 70 தடவை என்று வைத்துக்கொண்டாலும், ஒரு நாளைக்கு ஒரு இலட்சம் தடவைக்கு மேல் துடிக்கிறது. இதற்கு லீவு இல்லை, போயா இல்லை, தீபாவளி இல்லை.

கூடையோடு ஏத்தம் ஏறும்போது இந்த வேலை இன்னும் பல மடங்கு கூடும். அதனால்தான் இதயத்தில் கோளாறு உள்ளவர்களுக்கு முதலில் தெரிவது மலையில்தான். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. "சமதரையில நடந்தா சரியா இருக்கு, ஏத்தத்துல மட்டும் ஏலல" என்று சொல்வார்கள்.

புற்றுநோய்க்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

உடம்பில் ஓர் இடத்தில் சதை தேவையில்லாமல் வளர்ந்தால் அது கட்டி. இதில் இரண்டு வகை. ஒரு வகை, பக்கத்தில் உள்ள சதைக்குள் வேர் விட்டு நுழையும், இரத்தத்தோடு போய் வேறு இடங்களிலும் முளைக்கும். அதுதான் புற்றுநோய். மற்ற வகை, தான் இருக்கும் இடத்திலேயே வளரும், மற்ற உறுப்புகளுக்குள் புகுந்து அரிக்காது. அதைத் தீங்கற்ற கட்டி என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன.

இதயத்திலேயே உண்டாகும் கட்டிகளில் நாலில் மூன்று பங்கு இந்தத் தீங்கற்ற வகைதான். நுரையீரல், மார்பு போன்ற இடங்களில் வந்த புற்றுநோய் பின்பு இதயத்துக்குப் பரவுவதும் உண்டு. அது வேறு கதை. இங்கே நாங்கள் அதைப் பேசவில்லை.

ஆனால் "தீங்கற்ற" என்ற சொல்லை நம்பி ஏமாந்துவிடக் கூடாது. முதுகில் ஒரு கொழுப்புக் கட்டி பத்து வருசம் இருந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதே அளவு கட்டி இதயத்துக்குள் இருந்தால் ஒரு நிமிடத்தில் ஆளைச் சாய்த்துவிடலாம். குணத்தில் அது சாது. இருக்கிற இடம்தான் பொல்லாதது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

மிக்சோமா: காம்பில் தொங்கும் கட்டி

பெரியவர்களுக்கு வரும் இதயக் கட்டிகளில் நன்கு அறியப்பட்டது "மிக்சோமா". 30 வயதுக்கும் 60 வயதுக்கும் இடையில் உள்ளவர்களிடம்தான் அதிகம் காணப்படுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதலாக வருகிறது. அதாவது, கொழுந்து எடுத்து, பிள்ளை வளர்த்து, வீட்டையும் தாங்கிக்கொண்டு ஓடுகிற வயதில்தான் வருகிறது.

நாலு மிக்சோமாவில் மூன்று இடது மேல் காம்பராவில் இருக்கும். மற்றவை பெரும்பாலும் வலது மேல் காம்பராவில். நடுச்சுவரில் ஒட்டிக்கொண்டு, ஒரு காம்பினால் தொங்கும். பார்ப்பதற்கு ஜெலி போல வழுவழு என்று இருக்கும். ஒரு கோழி முட்டை அளவுக்கோ அதைவிடப் பெரிதாகவோ வளரலாம். கையளவு இதயத்துக்குள் முட்டை அளவு கட்டி என்றால் யோசித்துப் பாருங்கள்.

இது மூன்று விதமாகக் கெடுதல் செய்கிறது.

முதலாவது, வழியை அடைப்பது. காம்பில் தொங்கும் கட்டி, இதயம் துடிக்கும் ஒவ்வொரு முறையும் ஊஞ்சல் போல ஆடும். ஆடிக்கொண்டே போய்க் கதவுக்குள் விழும். பீலித் தண்ணீர் வரும் குழாயில் சாக்குத் துண்டு அடைத்தால் எப்படியோ அப்படித்தான். இரத்தம் கீழே இறங்க முடியாமல் நுரையீரல் பக்கமே தேங்கும். மூச்சு வாங்கும், இரவில் படுத்தால் இருமல் வரும், காலில் வீக்கம் காணலாம். கதவு முழுதாக அடைபட்டால் மயங்கி விழுவார்கள். சிலருக்கு அந்த மயக்கத்திலேயே உயிரும் போகலாம்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. கட்டி ஆடுவதால், உடம்பை வைத்திருக்கும் நிலைக்கு ஏற்ப வருத்தமும் மாறலாம். "குனிஞ்சு நிமிந்தா கண்ணு இருட்டுது", "படுத்தா மூச்சு முட்டுது, திரும்பிப் படுத்தா சரியாகுது" என்று சொன்னால், அதை டொக்டரிடம் அப்படியே சொல்ல வேண்டும். அற்பமான விஷயம் என்று விட்டுவிடக் கூடாது.

இரண்டாவது, துண்டு உடைந்து போவது. ஜெலி போன்ற கட்டி என்பதால் அதிலிருந்து சிறு துண்டுகள் கழன்று இரத்தத்தோடு போகும். சில வேளை கட்டியின் மேல் உறைந்த இரத்தமும் கழன்று போகும். மூளைக்குப் போகும் குழாயை அது அடைத்தால் பாரிசவாதம். ஒரு பக்கக் கையும் காலும் விழுந்துவிடும், வாய் கோணும், பேச்சுக் குழறும். காலுக்குப் போகும் குழாயை அடைத்தால் கால் திடீரென்று வலித்து, வெளுத்து, சில்லென்று ஆகிவிடும். வயதானவர்களுக்குப் பாரிசவாதம் வந்தால் பிரஷர், சீனி வருத்தம் என்று காரணம் சொல்கிறோம். 35 வயது, 40 வயதில் ஒருவருக்கு வந்தால், இதயத்திலிருந்து ஏதாவது கழன்று வந்ததா என்று பார்ப்பது டொக்டர்களின் வழக்கம். அதற்கான பரிசோதனைக்கு நாள் கொடுத்தால் கட்டாயம் போக வேண்டும்.

மூன்றாவது, உடம்பையே வாட்டுவது. சில மிக்சோமாக் கட்டிகள் ஒரு வகை இரசாயனத்தைச் சுரக்கின்றன. அதனால் விட்டுவிட்டுக் காய்ச்சல் வரும், உடம்பு மெலியும், மூட்டு வலிக்கும், இரத்தச்சோகையும் உண்டாகும். காய்ச்சலும் மெலிவும் சேர்ந்து வந்தால் காசநோயா என்று சந்தேகிப்பது சரிதான். சளிப் பரிசோதனை செய்ய வேண்டியதும் சரிதான். ஆனால் சளியில் ஒன்றும் இல்லை என்று வந்த பிறகும் காய்ச்சல் விடவில்லை என்றால், "ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க" என்று இருந்துவிடாமல் திரும்பவும் போக வேண்டும்.

எப்படித் தவறிப்போகிறது?

மலையில் ஓர் அக்காவுக்கு மூச்சு வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் அவரே யாருக்கும் சொல்ல மாட்டார். சொன்னால் அரைப்பேர் ஆகிவிடுமோ என்ற பயம். பிறகு டிஸ்பென்சரிக்குப் போவார், இரும்புக் குளிசை கிடைக்கும். நம் பெண்கள் பலருக்கு இரத்தச்சோகை இருப்பதால் அது நியாயமான மருந்துதான். குளிசை குடித்தும் சரியாகாவிட்டால் அங்கேதான் பிழை நடக்கிறது. "நமக்கு இதுதான் விதி" என்று விட்டுவிடுவார். மயங்கி விழுந்தால் கோடாங்கியிடம் போய் நூல் கட்டுவார்கள். சாமி கும்பிடுவதையோ நூல் கட்டுவதையோ நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டிக்கொண்டு அப்படியே ஆஸ்பத்திரிக்கும் வாருங்கள் என்றுதான் சொல்கிறோம்.

ஆஸ்பத்திரியிலும் இந்தக் கட்டி ஏமாற்றும். நம் நாட்டில் சிறு வயதில் வந்த வாதக்காய்ச்சலால் இதய வால்வு சுருங்கிப்போனவர்கள் இருக்கிறார்கள். மிக்சோமா கதவை அடைப்பதும், வால்வு சுருங்கியிருப்பதும் குழல் வைத்துக் கேட்டால் கிட்டத்தட்ட ஒரே மாதிரிச் சத்தம்தான் தரும். கட்டி ஆடுவதால் இன்று கேட்கும் சத்தம் அடுத்த கிளினிக்கில் கேட்காமலும் போகலாம். ஆகவே குழலால் மட்டும் இதைத் தீர்த்துச் சொல்ல முடியாது. படம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

கண்டுபிடித்த கதை

இதயத்துக்குள் கட்டி உண்டு என்பது புதுச் செய்தி அல்ல. இத்தாலி நாட்டு வைத்தியர் றியல்டோ கொலம்போ 1559 இல் வெளிவந்த நூலிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் அதற்குப் பிறகு ஏறத்தாழ 400 வருசம், ஆள் இறந்த பிறகுதான் கட்டி இருந்தது தெரியவரும். உயிரோடு இருக்கும்போது பார்க்க வழியில்லை.

வழி பிறந்தது சுவீடன் நாட்டில். அங்கே மல்மோ நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தில், இரும்புக்குள் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு கருவி வைத்திருந்தார்கள். காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் பார்ப்பது அதன் வேலை. இங்கே எடலர் என்ற இதய வைத்தியரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற பௌதிக விஞ்ஞானியும் 1953 இல் அந்த முறையை மனித இதயத்தில் பரீட்சித்துப் பார்த்தார்கள். இதயத்தின் அசைவு தெரிந்தது. 1959 இல் ஜெர்மனியில் எபர்ட், டொமானிக் என்ற இரு வைத்தியர்கள் இந்த ஒலி முறையால் இடது மேல் காம்பராவில் இருந்த கட்டியைக் கண்டுபிடித்தார்கள். இன்று "எக்கோ" என்று நாம் சொல்லும் பரிசோதனை இப்படி வளர்ந்து வந்ததுதான்.

எக்கோ எடுக்கப் பயப்பட ஒன்றும் இல்லை. ஊசி இல்லை, வலி இல்லை, எக்ஸ்றே கதிரும் இல்லை. இடது பக்கம் சரிந்து படுக்கச் சொல்வார்கள். நெஞ்சில் குளிர்ச்சியான ஜெல் பூசி, ஒரு சிறு கருவியை வைத்து உருட்டிப் பார்ப்பார்கள். அரை மணித்தியாலம் அளவில் முடிந்துவிடும். மேல்சட்டையைத் தளர்த்த வேண்டியிருப்பதால் சில பெண்கள் கூச்சப்பட்டுப் போகாமலே விட்டுவிடுகிறார்கள். அறையில் ஒரு பெண் தாதி கூட இருக்க வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வாய்விட்டுக் கேளுங்கள். சில வேளை கட்டியை இன்னும் தெளிவாகப் பார்க்க, தொண்டை வழியாகக் குழாய் விட்டும் எக்கோ எடுப்பார்கள். தொண்டைக்கு மரக்க மருந்து கொடுத்துத்தான் அதைச் செய்வார்கள்.

சத்திரசிகிச்சை

மிக்சோமாவைக் கரைக்க மருந்து கிடையாது. குளிசையாலோ, கசாயத்தாலோ, எண்ணெய் தடவியோ அது கரையாது. வெட்டி எடுப்பதுதான் வைத்தியம். அதையும் தாமதிக்காமல் செய்ய வேண்டும். எந்த நேரம் துண்டு கழன்று மூளைக்குப் போகும், எந்த நேரம் கதவை அடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. "கொழுந்து கூடின மாசம் முடியட்டும்", "மகள் கல்யாணம் முடியட்டும்" என்று தள்ளிப்போடக் கூடாத காரியம் இது.

மிக்சோமாவை முதன்முதலாக வெற்றிகரமாக எடுத்தவர் கிளாரன்ஸ் கிரபூர்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர். 1954 இல் சுவீடன் நாட்டின் ஸ்டொக்ஹோம் நகரத்தில், 40 வயதுப் பெண் ஒருவருக்கு அதைச் செய்தார். அதற்கு உதவியது இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் கொஞ்ச நேரத்துக்குச் செய்து கொடுக்கும் இயந்திரம். இன்றும் முறை அதுதான், கருவிகள்தான் முன்னேறியிருக்கின்றன.

என்ன செய்வார்கள் என்று சொல்கிறோம். முழு மயக்கம் கொடுத்து, நெஞ்சின் நடு எலும்பைத் திறப்பார்கள். இரத்தத்தை இயந்திரத்தின் வழியாக ஓடவிட்டு, இதயத்தை நிறுத்துவார்கள். "நெஞ்சை நிப்பாட்டுவாங்களாமே!" என்று கேட்டு மிரண்டுவிடாதீர்கள். இதயம் நின்றிருக்கும் அந்த நேரம் முழுவதும் இயந்திரம் உடம்புக்கு இரத்தம் கொடுத்துக்கொண்டே இருக்கும். பிறகு மேல் காம்பராவைத் திறந்து, கட்டியைக் காம்போடும், காம்பு ஒட்டியிருந்த சுவரில் சிறு பகுதியோடும் சேர்த்து எடுப்பார்கள். களையை வேரோடு பிடுங்குவது போல. சுவரில் ஓட்டை விழுந்தால் அதை மூடித் தைப்பார்கள். அதன் பிறகு இதயத்தைத் திரும்ப ஓடவிடுவார்கள்.

நல்ல இதய சத்திரசிகிச்சைப் பிரிவுகளில், இந்தச் சத்திரசிகிச்சை செய்துகொள்ளும் 100 பேரில் 95 பேருக்கும் மேல் சுகமாக வீடு திரும்புகிறார்கள். பெரிய சத்திரசிகிச்சைதான், ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டோம். ஆனால் கட்டியை அப்படியே விட்டுவைப்பதன் ஆபத்து அதைவிடப் பன்மடங்கு பெரிது. எடுத்த கட்டி திரும்ப வளர்வதும் அரிது. 100 பேரில் 1 முதல் 3 பேருக்குத்தான் அப்படி நடக்கிறது. அதனால்தான் பிறகும் எக்கோ எடுக்க வரச் சொல்வார்கள்.

நம் நாட்டில் கொழும்பு தேசிய வைத்தியசாலை, கண்டி தேசிய வைத்தியசாலை போன்ற அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இதய சத்திரசிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன. அரசாங்க ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்குக் காசு இல்லை. போக்குவரத்து, கூட நிற்பவரின் சாப்பாடு, வேலைக்குப் போகாத நாட்கள் என்று செலவு வரத்தான் செய்யும். ஏதாவது செலவு உங்கள் கையால் ஏலாது என்றால், ஜனாதிபதி நிதியத்தின் வைத்திய உதவி பற்றிப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். சத்திரசிகிச்சைக்கு முன்பே கேட்பது நல்லது.

வீட்டுக்கு வந்த பிறகு

நெஞ்சு எலும்பைக் கம்பியால் கட்டி அனுப்பியிருப்பார்கள். அது பொருந்த 6 முதல் 8 கிழமை ஆகும். நன்றாக உறுதிப்பட இன்னும் சில கிழமை எடுக்கும். இந்தக் காலத்தில் சுமார் 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம் கூடாது, விறகுக் கட்டு கூடாது, பிள்ளையைத் தூக்குவதும் கூடாது. கூடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தலையில் கயிறு மாட்டி முதுகில் சுமக்கும்போது கழுத்தும் தோளும் நெஞ்சும் சேர்ந்து இழுபடும். "நீங்க மலைக்குப் போகலாம்" என்று டொக்டர் சொல்லும் வரை, குறைந்தது மூன்று மாதம் அளவுக்கு, கூடை தொடக் கூடாது.

ஆகவே ஆஸ்பத்திரியை விட்டு வரும்போதே ஒரு காரியம் செய்யுங்கள். "நான் கொழுந்து எடுக்கிறேன், கூடை சுமந்து ஏத்தம் ஏறுறேன்" என்று டொக்டரிடம் விளக்கமாகச் சொல்லுங்கள். பட்டணத்து டொக்டருக்கு நம் வேலையின் பாரம் தெரியாமல் இருக்கலாம். எவ்வளவு காலம் வேலை கூடாது, பிறகு எவ்வளவு காலம் சில்லறை வேலை மட்டும் செய்யலாம் என்று கடிதத்தில் எழுதி வாங்குங்கள். அதைத் தோட்ட நிர்வாகத்துக்கும் நலன்புரி உத்தியோகத்தருக்கும் காட்டுங்கள்.

காயத்தில் சீழ் வடிந்தால், காய்ச்சல் வந்தால், இருமும்போது நெஞ்சு எலும்பு "டக்" என்று அசைந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த மூன்று மாதம் அடுப்பும் தண்ணீரும் உங்கள் பொறுப்பு. எலும்பு பொருந்துவதற்கு நீங்கள் கொடுக்கும் மருந்து அதுதான்.

பிள்ளைகளுக்கு வருவது வேறு

கைக்குழந்தைகளுக்கும் வயிற்றில் இருக்கும் பிள்ளைகளுக்கும் வரும் இதயக் கட்டி வேறு வகை. அதில் அதிகம் காணப்படுவது "ரப்டோமயோமா". இதயத்தின் தசையிலேயே வளரும். பல கட்டிகளாகவும் இருக்கும். கர்ப்பிணித் தாய்மாருக்கு ஸ்கேன் எடுக்கும்போதே சில வேளை தெரிந்துவிடும்.

தாய்மார் கவனிக்க வேண்டிய நல்ல செய்தி ஒன்று உண்டு. பிள்ளை பிறந்து வளர வளர, இந்தக் கட்டிகள் பெரும்பாலும் தானாகவே சுருங்கிவிடுகின்றன. மிக்சோமாவுக்கு உடனே வெட்ட வேண்டும். இதற்கோ பல பிள்ளைகளுக்கு வெட்டவே தேவையில்லை. கிளினிக்குக்குக் கொண்டுபோய் எக்கோ மூலம் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். வழியை அடைத்தாலோ, துடிப்பு தாறுமாறாக ஓடினாலோ மாத்திரம் வைத்தியம் செய்வார்கள்.

ஆனால் இந்தக் கட்டி உள்ள பிள்ளைகளில் பலருக்கு "டியூபரஸ் ஸ்கிளெரோசிஸ்" என்ற பிறவி நோயும் இருக்கும். பெயர் நீளமானது, அடையாளத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் தோலில் இலை வடிவத்தில் வெளிறிய திட்டுகள் இருக்கும், வலிப்பும் வரலாம். கைக்குழந்தை உடம்பை மடக்கி மடக்கித் திடுக்கிடுவது போலச் செய்தாலும் அது வலிப்பாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்து கண்டால் தேமல், தோஷம் என்று இருந்துவிடாமல் டொக்டரிடம் காட்டுங்கள். குடும்ப நல மருத்துவிச்சி வீட்டுக்கு வரும்போதும், பிள்ளைக்காம்பராவில் விடும்போதும் சொல்லிவையுங்கள்.

பிள்ளைகளுக்கு வரும் இன்னொரு கட்டி "பைப்ரோமா". பொதுவாக ஒரே கட்டியாக இருக்கும், தானாகச் சுருங்காது. இதயத் துடிப்பைக் குழப்பினால் எடுக்க வேண்டி வரும்.

பெரியவர்களுக்கு வால்வுக் கதவின் மேல் பூ மாதிரி இழை இழையாக ஒரு சிறு கட்டி வருவதும் உண்டு. எக்கோ பரவலாக வந்த பிறகு இது முன்பு நினைத்ததைவிட அதிகம் என்று தெரியவந்திருக்கிறது. சிறியதுதான், ஆனால் துண்டு கழன்றால் பாரிசவாதம் வரலாம். கொழுப்புக் கட்டியும் இதயத்தில் வரும். தொந்தரவு இல்லாவிட்டால் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

நீங்கள் கேட்கக்கூடிய சில கேள்விகள்

இது ஒட்டுமா?

ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே காம்பராவில் படுக்கலாம்.

செய்வினையால் வருமா?

வராது. யாரும் யாருக்கும் இதை வைக்க முடியாது. பக்கத்து லயத்து ஆளோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

பரம்பரையாக வருமா?

மிக்சோமா வந்த 10 பேரில் 9 பேருக்கும் மேல் பரம்பரைத் தொடர்பு இல்லை. சில குடும்பங்களில் மட்டும் தொடர்ந்து வரும். அவர்களுக்கு இள வயதிலேயே வரும், எடுத்தாலும் திரும்ப வரலாம். உதட்டிலும் கண்ணோரத்திலும் மிளகு தூவியது போலக் கரும்புள்ளிகள் இருப்பது ஓர் அடையாளம். அப்படியான குடும்பத்தில் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, பிள்ளைகள் எல்லோரும் எக்கோ எடுத்துப் பார்ப்பது நல்லது.

இதுவே பிறகு கேன்சராக மாறுமா?

மிக்சோமா சாதாரணமாகப் புற்றுநோயாக மாறுவதில்லை. எடுத்த கட்டியைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிப் பார்த்துச் சொல்வார்கள். அந்த றிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்திருங்கள்.

மூச்சு வாங்கினால் கட்டிதானா?

இல்லை. மூச்சு வாங்கும் பெரும்பாலானவர்களுக்கு இரத்தச்சோகை, இழுப்பு, வால்வு நோய், பிரஷர் போன்ற வேறு காரணம்தான் இருக்கும். அவற்றுக்கும் வைத்தியம் உண்டு. ஆகவே கட்டியா இல்லையா என்று நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை. மூச்சு வாங்குகிறது என்று போய்ச் சொல்வதுதான் உங்கள் வேலை. காரணத்தைத் தேடுவது டொக்டரின் வேலை.

மனதில் வைத்துக்கொள்ள

முன்பு ஏறிய ஏத்தம் இப்போது ஏறமுடியாமல் மூச்சு வாங்கினால், இரும்புக் குளிசை ஒழுங்காகக் குடித்தும் சரியாகாவிட்டால், பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு கேளுங்கள்.

குனியும்போது, எழும்பும்போது, திரும்பிப் படுக்கும்போது மயக்கமோ மூச்சு முட்டலோ வந்தால், எந்த நிலையில் வருகிறது என்று கவனித்துச் சொல்லுங்கள்.

மலையில் யாராவது மயங்கி விழுந்தால், எழும்பியதும் திரும்பக் கூடையைக் கொடுத்து அனுப்பாதீர்கள். கங்காணிமாரும் இதைக் கவனிக்க வேண்டும். அன்றைக்கே டிஸ்பென்சரியிலோ கிட்டிய ஆஸ்பத்திரியிலோ காட்டுங்கள்.

வாய் கோணினால், ஒரு கை விழுந்தால், பேச்சுக் குழறினால், கால் திடீரென்று வலித்துச் சில்லிட்டால் ஒரு நிமிடமும் வீணாக்க வேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். லயத்து வாசல் வரை வாகனம் வர முடியாத இடமானால், நோயாளியைத் தூக்கி வந்து பாதையில் காத்திருங்கள்.

கிளினிக் கொப்பியையும் எக்கோ றிப்போர்ட்டையும் ஒரு பையில் போட்டு, மழை படாத இடத்தில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாருக்காவது "இதயத்தில் கட்டி" என்று சொன்னால், துக்கம் விசாரிக்கப் போகாதீர்கள். "என்ன வகைக் கட்டின்னு டொக்டர்கிட்ட கேட்டீங்களா? எப்ப ஒப்பரேஷன் நாள் குடுத்திருக்காங்க? யாரு கூடப் போறா? பிள்ளைகள நாங்க பாத்துக்கவா?" என்று கேளுங்கள். ஒருவரை வீட்டிலேயே முடக்கிப் போடுவதும், பஸ் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைப்பதும் பல நேரம் பக்கத்து வீட்டார் சொல்லும் இரண்டு வார்த்தைதான். அந்த வார்த்தை நல்லதாக இருக்கட்டும்.